உள்ளங்கை அளவில் குவில்ட்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்தில் வீட்டிலேயே தையல் சொல்லிக்கொடுக்கிறேன். மீதி நேரமெல்லாம் சின்னச் சின்னக் கலைக் குவில்ட்கள் செய்வதில் போகிறது. பெரும்பாலும் ஆறு அங்குலச் சதுரம், மிஞ்சிப் போனால் ஓர் அடி. வகுப்புக்கு வரும் பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், சொந்தக்காரர்கள் என்று பார்க்கிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

குவில்ட் என்றால் போர்வைதானே? அதில் கலை எங்கே வந்தது?

மேலே ஒரு துணி, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். இவ்வளவு இருந்தால் அது குவில்ட். போர்த்திக்கொள்வதா, சுவரில் மாட்டுவதா என்பது அடுத்த விஷயம். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் பழைய குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டி ஒரு கண்காட்சி நடத்தியது. கட்டிலில் கிடந்ததை நிமிர்த்தி வைத்ததும், பார்ப்பவர்களின் கண் நிறத்துக்கும் கோட்டுக்கும் போனது. ஃபெய்த் ரிங்கோல்ட் என்ற ஓவியர் தன் முதல் குவில்டை 1980இல் தன் அம்மாவோடு சேர்ந்து செய்தார். அவர் அம்மா உடைகள் வடிவமைப்பவர். அதன் பிறகு குவில்டிலேயே கதை எழுதி, படம் வரைந்து பெரிய பெயர் பெற்றார். கலைக் குவில்ட் என்று நான் சொல்வது இந்த வழியில் வந்ததைத்தான்.

நம்ம ஊரில் குளிரே இல்லையே, இது எதற்கு?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. குவில்ட் குளிருக்கு மட்டும் வந்தது அல்ல. பழைய துணியை வீணாக்க மனம் வராதவர்கள் இருக்கும் இடத்திலெல்லாம் அது இருக்கிறது. வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது. பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி ஓட்டுத் தையல் போடுவார்கள். கர்நாடகத்தில், உத்தர கன்னடக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி இனப் பெண்கள் கவந்த் என்று ஒன்று தைக்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். நான்கு மூலையிலும் பூ என்று சொல்லிச் சின்ன முக்கோணங்களை வைத்துத் தைப்பார்கள். அந்தப் பூ இல்லாத கவந்த் அவர்கள் கண்ணுக்கு முடியாத வேலை.

நம் வீடுகளிலும் பச்சைப்பிள்ளைக்குக் கீழே போட, வெளுத்த வேட்டியையும் பழைய நூல் சேலையையும் நாலாக மடித்துச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டி வைத்திருப்பார்கள். என் பாட்டி செய்ததில் குறுக்கே இரண்டு தையல் கூடுதலாக இருக்கும். அதுவும் குவில்ட்தான்.

மினியேச்சர் என்றால் எந்த அளவு?

வெளிநாட்டுப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் 24 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே துணியில் செய்யும் அஞ்சலட்டை உண்டு, 4க்கு 6 அங்குலம். கலைஞர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் சீட்டு இரண்டரைக்கு மூன்றரை.

இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, பெரிய குவில்டை அப்படியே சுருக்குவது. 12 அங்குலக் கட்டத்தை 3 அங்குலத்தில் செய்தால், ஒவ்வொரு துண்டும் தையலும் அதே விகிதத்தில் சிறுக்க வேண்டும். அது கணக்கும் பொறுமையும் கேட்கிற வேலை. இன்னொன்று, சின்ன அளவுக்கென்றே யோசித்த ஒரு படம். என் வேலை பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஏன் இவ்வளவு சின்னதாகச் செய்கிறீர்கள்? பெரிதாகச் செய்தால் பேர் கிடைக்குமே?

பெரிய குவில்டில் புதிதாக எதையும் செய்து பார்க்கத் துணிச்சல் வராது. மூன்று மாத உழைப்பு ஒரே தப்பில் போய்விடுமோ என்று பயந்து, தெரிந்ததையே திரும்பச் செய்வோம். ஆறு அங்குலம் என்றால் ஒரு சாயங்காலம். கெட்டுப்போனாலும் போனது ஒரு கைப்பிடித் துணி. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு உத்தியையும் நான் இந்த அளவில் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நான் வைத்திருக்கும் ஒரே விதி: ஒரு துண்டில் ஒரு புது உத்தி. இரண்டைச் சேர்த்தால், தப்பு எதில் வந்தது என்றே தெரியாது.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை, அதாவது ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலத்தைச் செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 1966இல் கட்டியது. 115 அடி உயரம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், 28 தூண்கள். முதல் முறை 28 தூணையும் எட்டு அங்குலத்துக்குள் வைக்கப் பார்த்தேன். சீப்பு மாதிரி இருந்தது. இரண்டாவது முறை ஒன்பது. அதிலும் உயரம் வரவில்லை. ஐந்தாவது முறை, பறளியாற்றுப் பக்கம் கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, மூன்றே தூண்களை மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வெட்டி வைத்தேன். மேல் ஓரத்தில் பாலத்தின் அடிப்பாகம் ஒரு பட்டையாக மட்டும் தெரியும். அப்போதுதான் அந்த உயரம் துணிக்குள் வந்தது. ஐந்தும் சேர்ந்து ஒரு தலையணை உறையளவு துணிகூடச் செலவாகவில்லை.

துணி எங்கே வாங்குகிறீர்கள்? வெளிநாட்டுக் குவில்ட் காட்டன் வேண்டுமா?

வேண்டாம். பிளவுஸ் மேட்சிங் கடையில் தொங்குகிற டூ பை டூ ரூபியா போதும். நெசவு நெருக்கம், துணி மெலிசு. மடித்தாலும் மொத்தம் தட்டாது, பிசிறும் குறைவு. நிறத்துக்கோ பஞ்சமே இல்லை. ஒரு பச்சை கேட்டால் இருபது பச்சை எடுத்துப் போடுவார்கள். கால் மீட்டர், அரை மீட்டர் கேட்க வெட்கப்பட வேண்டாம். தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத்துணி ஒரு பை நிறையவே கிடைக்கும்.

வாங்கியதும் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அதைத் தனியாக அலசி, சாயம் நின்ற பிறகுதான் தொட வேண்டும். அடர் சிவப்பும் மெரூனும்தான் அதிகம் ஏமாற்றும்.

பெரிய பூப்போட்ட துணி இந்த அளவுக்குச் சரிவராது. ஓர் அங்குலத் துண்டில் பூவும் தெரியாது, இதழும் தெரியாது. லுங்கியின் சின்னக் கட்டம் அருமையாக இருக்கும். நேரியல் என்கிற மேல்துண்டின் கசவுக் கரையிலிருந்து, அதாவது ஜரிகைக் கரையிலிருந்து, அரை அங்குலம் வெட்டினால், விடியற்காலைக் கடல் கோட்டுக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. பட்டுத்துண்டு பிசிறும். பின்னால் மெல்லிய ஒட்டு கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டிய பிறகே வெட்டுங்கள்.

வீட்டில் பழைய லேஸ் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். நாகர்கோவிலில் மிஷன் பள்ளிப் பெண்களுக்கு மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அப்போது தொடங்கிய கைவேலை இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பல வீடுகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. கிழிந்த லேஸில் இரண்டு விரல் அகலம் தேறினால்கூட, அலை நுரைக்கு அது போதும்.

நடு அடுக்குக்கு என்ன வைப்பது? இலவம் பஞ்சு வைக்கலாமா?

இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது. குவில்டின் நடுவில் நிற்காது. அதன் இழை வழவழப்பு, ஒன்றை ஒன்று பற்றாது. தைக்கத் தைக்க ஒரு மூலைக்கு நகர்ந்துவிடும், ஊசித் துளை வழியாக வெளியேயும் வரும். கடையில் கிடைக்கும் தடித்த பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டும் சின்ன அளவுக்கு ஆகாது. ஆறு அங்குலத்தில் அதை வைத்தால் படம் தெரியாது, ஊசி குத்தும் திண்டு மாதிரி உப்பிக்கொள்ளும்.

நான் வைப்பது துவைத்துத் துவைத்து மெலிந்த துவர்த்து, குளித்துவிட்டுத் துவட்டுகிற துண்டு. இல்லாவிட்டால் குழந்தைத் துணிக்கு வாங்கும் பிளானல். இரண்டும் மேல் துணியைப் பிடித்துக்கொள்ளும், நகராது. கையால் தைத்தால் ஊசி வெண்ணெயில் போவது மாதிரி போகும். புதுத் துவர்த்து என்றால் இரண்டு முறை வெந்நீரில் அலசிச் சுருங்கவிட்டு எடுங்கள்.

சின்னத் துண்டுகளைத் தைத்தால் மூலை சேரவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். முடிந்த பிறகு அரை அங்குலம் இருக்க வேண்டிய சதுரத்துக்கு, சுற்றிலும் கால் அங்குலம் தையல் விட்டு ஓர் அங்குலச் சதுரம் வெட்டுகிறோம். அதாவது வெட்டிய துணியில் நாலில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும். மூன்று பங்கு உள்ளே மடங்கிக் கிடக்கிறது. பெரிய குவில்டில் ஒரு நூல் அகலத் தப்பு மறைந்துவிடும். இங்கே மறையாது.

அதற்கு நான் செய்வது இதுதான். வெட்டும் முன் துணியைக் கெட்டியான சோற்றுக் கஞ்சியில் முக்கி, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுவேன். துணி தாள் மாதிரி விறைத்துக்கொள்ளும், குறுக்கு வாட்டில் இழுபடாது. கால் அங்குலம் விட்டே தைத்து, தைத்தபின் அதை அரைக்கால் அங்குலமாக வெட்டிவிடுவேன். முதலிலேயே அரைக்கால் விட்டுத் தைத்தால் துணியை நகர்த்தும் மெஷின் பல்லுக்குத் துணி பிடி கிடைக்காமல் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். தையலை மிகப் பொடியாக வைக்க வேண்டும், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக. ஊசி 11ஆம் நம்பர். தடித்த ஊசி ரூபியாவில் பொத்தல் போட்டது மாதிரி காட்டும்.

கூர்மையான முனைகள் வேண்டுமென்றால் தாளின் மேல் தைக்கும் முறைக்குப் போய்விடுங்கள். மெல்லிய வெள்ளைத் தாளில் படத்தைக் கோடாக வரைந்து, துண்டுகளுக்கு எந்த வரிசையில் சேர்ப்பது என்று எண் போடுங்கள். துணி தாளின் பின்பக்கம் இருக்கும், கோட்டின் மேல் தைப்போம், ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிச் சேர்த்துக்கொண்டே போவோம். கடைசியில் தாளைக் கிழித்து எடுக்க வேண்டும். முப்பந்தல் காற்றாலைச் சிறகுகளை இப்படித்தான் செய்தேன், முனை ஊசி மாதிரி வந்தது. இதில் படம் இடவலம் மாறி வரும், வரையும்போதே கண்ணாடியில் தெரிவது போல வரைந்துகொள்ளுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை இஸ்திரிச் சூட்டில் துணியில் இறங்கும்.

முடிந்ததும் கஞ்சி போகக் கட்டாயம் அலச வேண்டும். கஞ்சி நின்ற துணியைப் பூச்சி விடாது.

என்னிடம் இருப்பது பழைய கறுப்பு மெஷின், காலால் மிதிப்பது. அதில் இஷ்டத்துக்கு வளைத்து வளைத்துத் தைக்க முடியுமா?

முடியும், அதுவும் நன்றாக. நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு மெஷின் எம்பிராய்டரி தெரியும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, ரிங் மாட்டி, துணியைக் கையால் நகர்த்திப் பூப்போடுவோமே, அதே வித்தைதான் இது. குவில்ட்காரர்கள் இதற்கு ஃப்ரீ மோஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பல்லை இறக்கும் குமிழ் இருந்தால் இறக்குங்கள். இல்லாவிட்டால் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பல்லின் மேல் ஊசி இறங்க ஓட்டை போட்ட வழவழப்பான அட்டையை டேப் போட்டு ஒட்டுங்கள். நூறு ரூபாய் பக்கம் டார்னிங் ஃபுட் என்று ஒன்று கிடைத்தால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். விரலுக்கும் பாதுகாப்பு, துணியும் ஊசியோடு சேர்ந்து எழும்பாது. அது இல்லாமல் தைக்கும்போது தையல் விட்டுவிட்டு விழுவதற்குக் காரணம் துணி எழும்புவதுதான். ரிங் மாட்டினால் சரியாகிவிடும்.

எல்லோரும் மறக்கிற ஒன்று இருக்கிறது. ஃபுட் இல்லாவிட்டாலும் அதைத் தூக்கி இறக்கும் பின்பக்க லீவரை இறக்கித்தான் வைக்க வேண்டும். அதை இறக்கினால்தான் மேல் நூலுக்கு இறுக்கம் வரும். லீவர் மேலே இருந்தால் கீழே நூல் தேன்கூடு மாதிரி சுருண்டு கட்டிக்கொள்ளும். மெஷின் ரிப்பேர் என்று என்னிடம் வந்த பாதிப் பேருக்கு இதுதான் ரிப்பேர். ஆரம்பிக்கும்போது பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் விரலில் பிடித்துக்கொண்டு நாலு தையல் போட்ட பிறகு விடுங்கள்.

கால் ஒரே சீராக, கொஞ்சம் வேகமாக. கை மெதுவாக. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், அதனால்தான் தையல் நீட்டு நீட்டாக விழுகிறது. மின்சார மோட்டாரைவிட மிதி மெஷினில் இந்தத் தாளம் சீக்கிரம் பிடிபடுகிறது என்பது என் அனுபவம்.

கையால் தைப்பது நல்லதா, மெஷினா?

கைத்தையல் கோடு துணிக்குள் இறங்கி மென்மையாகக் கிடக்கும். மெஷின் கோடு மேலே எழுந்து பேசும். கடலுக்குக் கை, பாறைக்கு மெஷின். முட்டம் பாறைகளை ஒருமுறை கையால் தைத்துப் பார்த்தேன், ரொட்டி மாதிரி ஆகிவிட்டன.

வேறு என்னென்ன உத்திகளைச் செய்து பார்க்கலாம்?

புடைப்பு வேலை ஒன்று இருக்கிறது, டிரபுண்டோ என்பார்கள். சிசிலியில் 14ஆம் நூற்றாண்டில் அப்படிச் செய்த ஒரு குவில்டின் பகுதி இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருவத்தின் ஓரத்தைச் சுற்றித் தைத்து, பின் துணியில் சின்னக் கீறல் போட்டு, அந்த உருவத்துக்குள் மட்டும் பஞ்சை அடைத்து மூடுவது. மேலே வேண்டாம் என்று சொன்ன இலவம் பஞ்சு இங்கே கைகொடுக்கும். நாலு பக்கமும் தையல் அடைத்திருப்பதால் எங்கும் நகராது. சங்கு, சிப்பி, தோவாளைப் பிச்சி மொட்டு எல்லாம் இதில் உயிரோடு வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாயம். ஆசாரி வீட்டுப் பட்டறையில் பலா மரத்தூள் சும்மா கிடைக்கும். பலாவின் உள்மரம் மஞ்சள். புத்த பிக்குகளின் காவி ஆடைக்கே அந்தக் காலத்தில் இதைத்தான் காய்ச்சினார்கள். முதலில் பருத்தித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவிடுங்கள். அப்புறம் 100 கிராம் துணிக்கு 15 கிராம் வீதம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஊற வைத்துப் பிழியுங்கள். மரத்தூளைத் துணியில் முடிந்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்த தண்ணீரில் இதைப் போட்டு மெல்லச் சூடாக்கினால், பழைய ஓலைச்சுவடி நிறத்திலிருந்து நல்ல மஞ்சள் வரை வரும். நேரத்தைப் பொறுத்தது.

அதே கடுக்காய்த் துணியில் துருப்பிடித்த ஆணியைச் சுற்றி, வினிகர் தெளித்து, பிளாஸ்டிக்கில் பொதிந்து ஒரு நாள் வையுங்கள். ஆணி தொட்ட இடம் கறுக்கும், ஓரம் சாம்பலாகப் பரவும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. குளச்சல் கடற்கரையில் பொறுக்கிய துருப்பிடித்த போல்ட்டை இப்படி வைத்தேன். மரையின் வரிகள்கூடத் துணியில் பதிந்திருந்தன, நங்கூரக் கயிறு மாதிரி. அதை அப்படியே ஒரு வள்ளத்தின் (படகின்) பக்கத்தில் வைத்துத் தைத்தேன். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் துரு துணியைத் தின்றுகொண்டே இருக்கும். இதற்கென்று தனிப் பாத்திரம் வையுங்கள், சமையல் பாத்திரம் கூடவே கூடாது.

ஓரத்தை எப்படி முடிப்பது?

பெரிய குவில்டுக்குப் போடும் இரட்டை மடிப்புப் பட்டி இங்கே கயிறு மாதிரி தடிக்கும். ஓர் அங்குலப் பட்டியை ஒற்றையாக மடித்துத் தையுங்கள். பட்டியே வேண்டாம் என்றால் தலையணை உறை மாதிரி உள்பக்கம் வெளியே வைத்து மூன்று பக்கம் தைத்துத் திருப்பி, நாலாவதைக் கையால் மூடலாம். அப்படிச் செய்தால் படம் ஓரம் வரை போகும். மூலையில் உள்ள மிச்சத் துணியைச் சாய்வாக வெட்டிவிட்டுத் திருப்புங்கள்.

சட்டம் போடலாமா?

போடலாம், பசை போட்டு ஒட்டக்கூடாது. சில வருடம் முன்பு ஒரு ஃபிரேம் கடையில் நான் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் அட்டையில் பசை தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மழைக்குள் பசை மஞ்சளாக ஊறி, கடல் முழுக்கப் புள்ளி. இப்போது நானே கெட்டி அட்டைக்கு வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் நாலு மூலையிலும் நூலால் தைத்துத்தான் கொடுக்கிறேன். கண்ணாடி துணியைத் தொடாமல் கால் அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டால் உள்ளே வேர்க்கும்.

மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறதே?

நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. இரண்டுக்கும் நடுவிலும் காற்றில் ஈரம். பாலித்தீன் பையில் மட்டும் வைக்காதீர்கள். அலசிக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் வைத்து, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்புக் கோடு போகாது. மாதம் ஒரு நாள் வெயில் அடிக்கும்போது நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், ரூபியாவின் ஊதாவும் ரோஸும் சீக்கிரம் வெளுக்கும்.

விற்றால் எவ்வளவு கேட்கலாம்?

அளவைப் பார்த்து விலை பேச வருவார்கள். "இத்துணூண்டு துணிக்கா?" என்பார்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒவ்வொரு துண்டுக்கும் நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் ஊரில் ஒரு பிளவுஸ் தைக்கும் நேரத்துக்கு என்ன கூலியோ, அதற்குக் குறையாமல் மணிக்கணக்குப் போடுங்கள்.

முதல் துண்டாக எதைச் செய்வது?

மூன்று பட்டை. மேலே வானம், நடுவில் கடல், கீழே மணல். மணவாளக்குறிச்சிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மணலுக்கு ஒரு நிறம் மட்டும் இல்லை, கறுப்பும் சிவப்பும் கலந்து கிடக்கும். மூன்று ரூபியாத் துண்டு, ஒரு துவர்த்துத் துண்டு, ஆறு அங்குலம். கடல் பட்டையில் மட்டும் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். மேலே நெருக்கமாக ஆரம்பித்து, கரைக்கு வர வர வரிசைகளுக்கு இடையே இடைவெளி கூடட்டும். பின்பக்கம் தேதியைப் பேனாவால் எழுதாமல் நூலால் தைத்து வையுங்கள்.